'இன்னும் ஒரே ஒரு மேட்ச்!' - போனை கீழே வைக்க விடாமல் பிள்ளைகளை பிடித்து வைப்பது எது?

திருப்பூர்:

பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடிந்து அம்மா வீடு வந்து சேர மணி 9. சோறு வடித்து, குழம்பு வைத்து, தட்டு போடும்போது மணி 10.

"சோறு ஆறுது, வா கண்ணு..."

"இருங்கம்மா, இன்னும் ஒரே ஒரு மேட்ச்!"

அந்த 'ஒரே ஒரு மேட்ச்' முடிந்து அடுத்தது தொடங்கும். அதற்கடுத்து இன்னொன்று. மணி 12 ஆகும்போது அப்பாவுக்கு பொறுமை போய்விடும். போனை வெடுக்கென்று பிடுங்குவார். பையன் கத்துவான், தட்டு பறக்கும். லைன் வீடுகளில் பக்கத்து கதவுகள் ஒவ்வொன்றாக திறக்கும்.

இது ஏதோ ஒரு வீட்டில் ஒரு நாள் நடந்த சம்பவம் அல்ல. செல்போன் உள்ள ஊரில் எல்லாம் தெருவுக்கு நாலு வீட்டில் நடக்கிற கதை. 'பையன் கெட்டுப்போயிட்டான், சொன்ன பேச்சு கேட்கிறதில்லை' என்பதோடு பெரியவர்கள் முடித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். அதே பையன் தெருவில் கிரிக்கெட் ஆடும்போது இருட்டிவிட்டால் மட்டையை தூக்கிக்கொண்டு தானாக வீட்டுக்கு வந்துவிடுகிறான். பந்து பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்கு போய்விட்டால் அன்றைய ஆட்டம் அதோடு முடிந்தது. கேரம் போர்டில் காய் தீர்ந்தால் எழுந்துவிடுகிறான். செல்போன் கேமில் மட்டும் ஏன் எழ முடியவில்லை?

பையன் ஒரே பையன்தான். ஆட்டம்தான் வேறு. இருட்டுவது, பந்து தொலைவது, காய் தீர்வது என்று மற்ற ஆட்டங்களில் தானாக வந்து சேரும் 'நிறுத்தம்' எல்லாம் இந்த ஆட்டத்தில் இருந்து கழற்றி எடுக்கப்பட்டுவிட்டது. அதுவும் தெரிந்தே, சம்பளத்துக்கு ஆள் வைத்து!

காயின் காலம்

1990-களில் வீடியோ கேம் கடைகளில் ஆடியவர்களுக்கு இன்று பிள்ளை குட்டிகள் இருக்கும். அன்றைக்கு காயின் போட்டால்தான் ஆட்டம். மூன்று உயிர் போனால் திரையில் 'கேம் ஓவர்'. பாக்கெட்டில் காசு தீர்ந்தால் வீட்டுக்கு நடையை கட்ட வேண்டியதுதான். பிறகு வந்த பிரவுசிங் சென்டரிலும் மணிக்கணக்குதான். நேரம் முடிந்ததும் கடைக்காரர் வந்து எழுப்பிவிடுவார்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. போட்டி போட்டுக்கொண்டு டேட்டா விலை சரிந்தது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து பள்ளிக்கூடங்களை மூடியதும், ஆன்லைன் வகுப்புக்காக கடன் வாங்கியாவது பிள்ளை கையில் போன் வாங்கி கொடுத்தார்கள். வகுப்பு முடிந்த பிறகும் போன் கையிலேயே தங்கிவிட்டது.

அந்த போனுக்குள் ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தவைதான் பப்ஜியும் பிரீ பயரும். பப்ஜியில் 100 பேர் ஒரு தீவில் குதிப்பார்கள். ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டே போய் கடைசியில் மிஞ்சுபவர் ஜெயித்தவர். ஒரு ஆட்டம் அரை மணி நேரம் இழுக்கும். சிங்கப்பூர் கம்பெனியின் பிரீ பயர் 2017-ல் வந்தது. இதில் சுமார் 50 பேர். ஆட்டமும் சின்னது. விலை குறைந்த போனிலும் ஓடும். கூலித்தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் மத்தியில் இது காட்டுத்தீயாக பரவியதற்கு காரணம் அதுதான்.

முதல் ஆட்டத்திலேயே வெற்றி!

புதிதாக ஆட வருபவனை தேர்ந்த ஆட்டக்காரர்களோடு மோத விட்டால் என்ன ஆகும்? அடி வாங்கிக்கொண்டு முதல் நாளே ஓடிவிடுவான். அதனால் இதுபோன்ற ஆட்டங்களில் ஆரம்பத்தில் எதிரில் வருகிறவர்களில் பலர் நிஜ ஆட்களே அல்ல. கம்ப்யூட்டர் இயக்கும் பொம்மைகள். நேராக நிற்கும், மெதுவாக சுடும், சுட்டால் பொத்தென்று விழும்.

பையன் நாலைந்து பேரை வீழ்த்துகிறான். முதல் நாளே ஜெயித்தும் விடுகிறான். 'எனக்கு இது நல்லா வருது' என்ற நினைப்பு விழுந்துவிடுகிறது. கணக்கு பாடத்தில் எந்த வாத்தியாரும் அவனுக்கு இப்படி ஒரு முதல் நாளை கொடுத்ததில்லை.

பிறகு போகப்போக பொம்மைகள் குறைந்து நிஜ ஆட்கள் வருவார்கள். அதற்குள் தூண்டில் முள் தொண்டையில் இறங்கியிருக்கும்.

புறா செய்த வேலை

அமெரிக்க உளவியல் நிபுணர் பி.எப்.ஸ்கின்னர் புறாக்களை பெட்டியில் அடைத்து ஆய்வு செய்தவர். ஒரு பொத்தானை புறா கொத்தினால் தானியம் விழும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒரு முறை தானியம் என்றால், தானியம் விழுந்ததும் புறா சற்று ஓய்வு எடுக்கும். எப்போது விழும் என்றே தெரியாதபடி மாற்றி மாற்றி போட்டால்? புறா நிற்காமல் கொத்திக்கொண்டே இருந்தது. 1950-களிலேயே எழுதி வைக்கப்பட்டுவிட்ட விஷயம் இது.

திருப்பூர்காரர்களுக்கு பீஸ் ரேட் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும். ஒரு பீசுக்கு இத்தனை ரூபாய் என்று தெரிந்தால், அன்றைய கூலி சேர்ந்ததும் ஓவர்லாக் மிஷினை ஆப் செய்துவிட்டு டீ குடிக்க போகலாம். எந்த பீசில் கூலி விழும் என்றே தெரியாது, இந்த பீசில் விழலாம், அடுத்த பீசில் ஆயிரம் ரூபாயாக கூட விழலாம் என்றால் யாராவது மிஷினை விட்டு எழுவார்களா?

செல்போன் கேமில் பெட்டியை திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாது. சக்கரம் சுற்றினால் எங்கே நிற்கும் என்று தெரியாது. அடுத்த மேட்சில் எந்த துப்பாக்கி கிடைக்கும், எந்த இடத்தில் எதிரி நிற்பான் என்றும் தெரியாது. 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்படும் வரை, கடை வாசலில் நின்றபடியே டிக்கெட்டை சுரண்டிவிட்டு, அங்கேயே அடுத்த டிக்கெட் வாங்கியவர்களை ஊர் பார்த்திருக்கிறது. அதே சுரண்டல்தான் இப்போது விரல் நுனியில்.

மூளைக்குள் நடப்பதையும் படம் பிடித்திருக்கிறார்கள். 1998-ல் லண்டனில் 8 ஆண்களை டாங்கி ஓட்டும் வீடியோ கேம் ஆட வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். ஆடும்போது மூளையில் 'டோபமைன்' என்ற ரசாயனம் சுரப்பது தெரிந்தது. வோல்பிராம் ஷூல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளை வைத்து 1990-களில் செய்த ஆய்வு இதைவிட சுவாரஸ்யம். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமைன் செல்கள் துள்ளின. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிக்கொண்ட பிறகு, விளக்கை பார்த்ததுமே துள்ளின. சாறு வாயில் விழும்போது துள்ளவில்லை.

அதாவது ஆசை கிளம்புவது பரிசிலேயே இல்லை, பரிசு வரப்போகிறது என்ற அறிகுறியில். போனில் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டதும் புத்தகத்தில் இருந்து பையன் தலை தூக்குகிறானே, அது இதுதான்.

சாப்பிட்டு வயிறு நிறைந்தால் பசி அடங்கும். இந்த எதிர்பார்ப்புக்கு வயிறே கிடையாது.

இரண்டாம் இடத்தின் வலி

50 பேர் தனித்தனியாக ஆடும் ஆட்டத்தில் 49 பேர் தோற்றாக வேண்டும். தோற்றவன் வெறுத்துப்போய் விட்டுவிட வேண்டியதுதானே? விடுவதில்லை. 'செகண்ட் வந்துட்டேன், ஜஸ்ட் மிஸ்' என்கிறான்.

இந்த 'ஜஸ்ட் மிஸ்' லேசுப்பட்டது அல்ல. சூதாட்ட மெஷினில் மூன்று படமும் ஒன்றாக வந்தால் பரிசு. இரண்டு வந்து மூன்றாவது நூலிழையில் தவறினால், அது தோல்விதான். ஆனால் இங்கிலாந்து விஞ்ஞானிகள் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், அப்படி தவறும்போது ஜெயித்தால் தூண்டப்படும் மூளைப்பகுதிகளே தூண்டப்படுவதும், மீண்டும் ஆடும் ஆசை கூடுவதும் தெரிய வந்தது. கூட்டம் குறைய குறைய கடைசி வரை தாக்குப்பிடிக்க வைத்து, கடைசி நிமிடத்தில் தோற்க வைக்கும் ஆட்டத்தில் ஒவ்வொரு தோல்வியும் கிட்டத்தட்ட வெற்றி மாதிரிதான் இருக்கும்.

பாதியில் எழுந்தால் அபராதம்

வீட்டில் சண்டை வெடிக்கிற இடம் இதுதான். பல அப்பா அம்மாக்களுக்கு தெரியாத விஷயமும் இதுதான்.

டி.வி.யில் ஓடும் படத்தை நிறுத்திவிட்டு வரலாம். ஆன்லைன் கேமை நிறுத்தி வைக்க பட்டனே இல்லை. எதிரில் ஆடுவது வேறு ஊர்களில் இருக்கிற நிஜ ஆட்கள். சோறு சாப்பிட்டு வரும் வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். கூட ஆடுவதும் கூட்டாளிகள். நாலு பேர் ஒரு அணி. ஒருவன் பாதியில் காணாமல் போனால் மீதி மூன்று பேருக்கும் அடி. மறுநாள் பள்ளிக்கூடத்தில் 'நீ எல்லாம் ஒரு ஆளா' என்று கேட்பார்கள். போதாக்குறைக்கு, பாதியில் ஓடியவனுக்கு ஆட்டமே நடத்தை மதிப்பெண்ணை குறைக்கும்.

ஆக, மேட்ச் நடுவில் போனை பிடுங்கும் அப்பா, ஒரு பொருளை பிடுங்குவதாக நினைக்கிறார். பையனுக்கோ மூன்று கூட்டாளிகள் முன்னால் மானம் போகிறது. அவன் கத்துவது நியாயம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த கத்தலுக்கு காரணம் திமிர் மட்டுமல்ல.

சரி, மேட்ச் முடிந்ததும் எழலாமே? அங்கேதான் அடுத்த கண்ணி. முடிந்த நொடியில் திரையில் 'இன்னும் 20 புள்ளி எடுத்தால் அடுத்த ரேங்க்' என்கிற மாதிரி கணக்கு வந்து நிற்கும். தங்கம், பிளாட்டினம், வைரம் என்று படிப்படியாக ரேங்க். கஷ்டப்பட்டு ஏறினால், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை 'சீசன்' முடிந்து கீழே இறக்கிவிடுவார்கள். மறுபடியும் முதலில் இருந்து ஏற வேண்டும். தினமும் உள்ளே வந்தால் ஒரு பரிசு, நாளைக்கு வந்தால் இன்னொரு பரிசு. ஒரு நாள் விட்டால் போச்சு!

இது பசங்களுக்கு மட்டும் விரித்த வலையும் அல்ல. 2012-ல் வந்த கேண்டி கிரஷ் பெரியவர்கள் ஆட்டம். 5 உயிர் போய்விட்டால் ஒரு உயிர் திரும்பி வர 30 நிமிடம். எழுந்து போக சொல்வது போல இருக்கும். உண்மையில் அரை மணிக்கு ஒரு தரம் போனை எடுத்து பார்க்க பழக்குகிறது. டவுன் பஸ்சில் ஜன்னல் ஓரம் மிட்டாய் நகர்த்திக்கொண்டு, இறங்க வேண்டிய ஸ்டாப்பை தவற விட்ட பெரியவர்கள் பையனை திட்டும்போது கொஞ்சம் யோசித்து திட்டலாம்.

இலவசம் யாருக்கு?

கேமை இறக்க காசு இல்லை. ஆனால் உள்ளே போனால் எல்லாம் கடைதான். துப்பாக்கிக்கு பெயிண்ட், ஆளுக்கு சட்டை, குதிக்கும்போது ஒரு டான்ஸ். ரூபாயை முதலில் 'டைமண்ட்' ஆக மாற்ற வேண்டும். மாற்றிவிட்டால் எவ்வளவு செலவானது என்பதே மறந்துபோகும். சனிக்கிழமை வாங்கிய வார சம்பளம் அப்பா வங்கிக்கணக்கில் இருக்கும். யு.பி.ஐ. ரகசிய எண் பையனுக்கு மனப்பாடம். திங்கட்கிழமை மளிகைக்கடையில் ஸ்கேன் செய்யும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

வெறும் சட்டைதானே, அதற்கா இத்தனை காசு என்று பெரியவர்கள் கேட்பார்கள். காசு கொடுக்காமல் ஆடுபவன் போடும் சட்டையை வைத்தே கூட ஆடுபவர்கள் அவனை இளப்பமாக பேசுவார்கள் என்பது அவர்களுக்கு தெரியாது. தீபாவளிக்கு புது சட்டை இல்லாமல் தெருவில் இறங்குவது போலத்தான் அது.

'போர்ட்நைட்' என்ற கேமை நடத்தும் எபிக் கேம்ஸ் கம்பெனி, 2022 டிசம்பரில் அமெரிக்க அரசு அமைப்பிடம் மொத்தம் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதில் 24.5 கோடி டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 2 ஆயிரம் கோடி ரூபாய், ஆடியவர்களுக்கு திருப்பி தருவதற்கு. குழப்பமாக பட்டன்களை வைத்து, தெரியாமல் ஒரு பட்டனை அமுக்கினாலே காசு போகும்படி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

நேர்மாறாகவும் ஒருவர் இருந்தார். வியட்நாம் நாட்டின் ஹனோய் நகரை சேர்ந்த டோங் நுயென் என்ற இளைஞர். தனி ஆளாக 'பிளாப்பி பேர்ட்' என்ற சின்ன கேமை செய்தார். விரலால் தட்டினால் பறவை பறக்கும், குழாயில் இடித்தால் செத்துவிடும். அவ்வளவுதான். 2014 தொடக்கத்தில் உலகமே அதை ஆடியது. விளம்பரத்தில் நாளொன்றுக்கு 50 ஆயிரம் டாலர், அதாவது சுமார் 31 லட்சம் ரூபாய் வருவதாக செய்தி வந்தது. அந்த நேரத்தில், 2014 பிப்ரவரியில், அவரே கேமை கடையில் இருந்து எடுத்துவிட்டார். ஓய்வு நேரத்தில் சில நிமிடம் ஆடத்தான் செய்தேன், அது ஆட்களை அடிமையாக்கும் பொருளாகிவிட்டது என்பதுதான் அவர் சொன்ன காரணம். பெரிய கம்பெனிகளில் அவர் வழிக்கு வந்தவர்களை தேட வேண்டும்.

தடை போட்டால் போதுமா?

2020 செப்டம்பர் 2-ந்தேதி பப்ஜி உள்பட 118 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. பசங்க பிரீ பயருக்கு மாறினார்கள். 2022 பிப்ரவரியில் பிரீ பயருக்கும் தடை. உடனே 'பிரீ பயர் மேக்ஸ்' என்ற அதன் தம்பிக்கு மாறினார்கள். பப்ஜியோ 2021-லேயே பெயரை மாற்றிக்கொண்டு பி.ஜி.எம்.ஐ. என்று வந்துவிட்டது. 2022 ஜூலையில் அதையும் எடுத்தார்கள். 2023 மே மாதம் நேரக்கட்டுப்பாட்டோடு திரும்பி வந்தது. 18 வயதுக்கு கீழ் என்றால் நாளைக்கு 3 மணி நேரம்தான் என்றார்கள். உள்ளே நுழையும்போது வயதை கூட்டி சொல்லிவிட்டால் கதை முடிந்தது.

தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் கொண்டு வந்த விதிமுறைப்படி நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை ஆட முடியாது. 18 வயதுக்கு கீழ் உள்ளவர்களுக்கு அனுமதியே இல்லை. சென்னை ஐகோர்ட்டும் 2025 ஜூன் மாதம் அதை ஏற்றது. ஆனால் இந்த இரவு பூட்டு ரம்மி போல பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு மட்டும்தான். 2025 ஆகஸ்ட் மாதம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டமும் ஜெயித்தால் பணம் என்று ஆசை காட்டும் ஆன்லைன் ஆட்டங்களைத்தான் தடை செய்தது. அதுவரைக்கும் நல்ல காரியம். ரம்மியில் சம்பளத்தை தொலைத்த குடும்பங்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் நள்ளிரவில் போர்வைக்குள் ஒளிந்து ஆடும் 8-ம் வகுப்பு மாணவனின் ஆட்டம் இந்த இரண்டு வலையிலும் சிக்கவில்லை.

சீனாவில் 2021 செப்டம்பர் முதல் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 மணி வரை மட்டுமே சிறுவர்கள் ஆன்லைன் கேம் ஆடலாம் என்று கறாராக உத்தரவு போட்டார்கள். அதற்கு முன் 2019-ல் போட்ட கட்டுப்பாட்டால் அளவுக்கு மீறி ஆடுவது குறைந்ததாக தெரியவில்லை என்று 2023-ல் வெளியான ஒரு ஆய்வு சொன்னது. தென்கொரியாவோ 2011-ல் போட்ட இரவு தடையை வேண்டாம் என்று 2022 தொடக்கத்தோடு கைவிட்டுவிட்டது.

எது நோய், எது ஆசை?

ஆடுகிற பிள்ளைகள் எல்லாம் நோயாளிகள் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 'கேமிங் கோளாறை' நோய் பட்டியலில் சேர்த்தது உண்மை. 2022 ஜனவரி 1 முதல் அது அமலில் உள்ளது. அதற்கு மூன்று அடையாளம் சொல்கிறார்கள். ஆட்டத்தை கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே பெரிதாவது, கெடுதல் நடந்தும் தொடர்வது. இது பொதுவாக ஒரு வருடமாவது நீடித்து, படிப்பும் குடும்பமும் பாதிக்கப்பட்டால்தான் அந்த பெயர் வைப்பார்கள். ஆடுபவர்களில் கொஞ்சம் பேருக்குத்தான் இந்த நிலை.

அந்த கொஞ்சம் பேர் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் காலை 8 மணிக்கு கிளம்பி இரவு 9 மணிக்கு வருகிற வீடு. விளையாட மைதானம் இல்லாத தெரு. வகுப்பில் கடைசி பெஞ்ச். அப்படிப்பட்ட பையனை கேமுக்குள் மூன்று பேர் பெயர் சொல்லி கூப்பிடுகிறார்கள், 'மச்சி, நீ வந்தாத்தான் ஜெயிப்போம்' என்கிறார்கள். நெற்றியில் வைர ரேங்க் மின்னுகிறது. போனை மட்டும் பிடுங்கினால், அந்த மரியாதைக்கு பதிலாக வீடு என்ன கொடுக்கப்போகிறது என்ற கேள்வி மிஞ்சும்.

எப்போது நிறுத்த சொல்வது?

'10 மணிக்கு நிறுத்து' என்று கடிகாரம் பார்த்து சொன்னால் அது மேட்ச் நடுவில் வரும், சண்டையும் வரும். அதற்கு பதில் 'இரண்டு மேட்ச்' என்று ஆடும் முன்பே பேசி வைத்துக்கொண்டு, இரண்டாவது முடிந்து ரேங்க் கணக்கு திரையில் வரும் அந்த இடைவெளியில் பக்கத்தில் போய் நின்று போனை கேட்பது நல்லது. இடைவெளி சில நொடிதான். அதை கேம் கொடுக்காது, வீட்டு ஆட்கள்தான் உருவாக்க வேண்டும்.

கேமின் அறிவிப்பு சத்தத்தை போன் செட்டிங்சில் நிறுத்தி வைக்கலாம். பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைக்கலாம். யு.பி.ஐ. எண்ணை இன்றைக்கே மாற்றிவிட்டு பையன் முன்னால் அமுக்காமல் இருக்கலாம். இரவில் போன் சார்ஜ் ஏறும் இடம் பிள்ளை படுக்கும் பாயில் இருந்து தள்ளி இருக்கட்டும். அப்பா போனும் அங்கேயே இருந்தால் பேச்சு எடுபடும்.

வாரக்கணக்கில் பள்ளிக்கூடம் போகாமல், குளிக்காமல், சாப்பிடாமல் இருந்தாலோ, போனை வாங்கினால் கையை அறுத்துக்கொள்வேன் என்று மிரட்டினாலோ அடித்து பிரயோஜனம் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் செல்போன், கேம் பழக்கத்துக்கு என்றே 2014 முதல் தனி பிரிவு நடக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிகளில் உள்ள மனநல பிரிவில் காட்டலாம். சம்பளத்தை விட்டுவிட்டு பகலில் லீவு போட முடியாது என்றால், மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416. ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் கூப்பிட்டாலும் எடுப்பார்கள். தமிழிலேயே பேசலாம்.